‘அவர் எப்பவும் தனிப்போக்கு’ என்று பெயர் விழுந்த பிறகு சங்கத்தில் எப்படிக் கதைப்பது?

கொட்டியாரக்குடா:

சுருக்குவலை, கும்பாபிஷேகக் கணக்கு, கடற்கரையில் ஹோட்டலுக்குக் காணி, பாடசாலை மதில் என்று விஷயம் எதுவானாலும், தன் புத்தியில் பட்டதைச் சொல்கிற ஒருவர் இரண்டு மூன்று கூட்டம் தாண்டுவதற்குள் ஒரு பெயர் வாங்கிவிடுகிறார். ‘குழப்பக்காரன்’, ‘ஒரு மாதிரியான ஆள்’, ‘என்ஜிஓ மூளை’, ‘மற்றப் பக்கத்து ஆள்’. மரியாதையாகச் சொல்பவர்கள் ‘சுயமாகச் சிந்திக்கிறவர்’ என்பார்கள், அதைச் சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு அழைக்க மறந்துவிடுவார்கள்.

திருகோணமலையில் இது கொழும்பை விடக் கடினம். காரணம் ஆள் எண்ணிக்கை. மூதூரோ நிலாவெளியோ தம்பலகாமமோ, ஒரு ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், மரண உதவிச் சங்கம் எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றி அதே முப்பது நாற்பது பேர்தான். வலையைப் பற்றிக் கதைத்து வாங்கிய பெயர், மதிலைப் பற்றிக் கதைக்கும்போதும் முன்னால் வந்து நிற்கிறது.

தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள். பெயர் விழுந்த பிறகு பேச்சு எடுபட என்ன செய்ய வேண்டும்? பெயருக்குப் பதில் சொல்வதா, விடுவதா? அந்தப் பெயருக்கு ஏற்றபடி நாமே மாறிப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? அவரவர் பட்ட கதை வேண்டாம். செய்யக்கூடியதை எழுதுங்கள்.

---

சமூகவியல் ரீச்சர்:

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். அது விளங்காமல் வழி சொன்னால் பிழைக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963 இல் எழுதியது இன்றும் செல்லும். ‘விலகியவர்’ என்ற தன்மை ஒருவர் செய்த காரியத்துக்குள் இருப்பதில்லை, மற்றவர்கள் அந்தக் காரியத்துக்குக் கொடுக்கும் எதிர்வினையில் இருக்கிறது என்றார். அவருக்கு முன்பே எட்வின் லெமேர்ட் 1951 இல் இரண்டு கட்டங்களைப் பிரித்துக் காட்டினார். முதற்கட்டத்தில் ஒருவர் ஏதோ ஒரு விஷயத்தில் விலகுகிறார். இரண்டாங் கட்டத்தில், கிடைத்த பெயரைச் சுற்றித் தன் நடையையே அமைத்துக்கொள்கிறார். கொட்டியாரக்குடாவின் மூன்றாவது கேள்வி இந்த இரண்டாங் கட்டம்தான். ஆபத்து அங்கேதான் அதிகம்.

கூட்டத்துக்குள் நடப்பதை ஸ்டான்லி ஷக்டர் 1951 இல் சோதித்துப் பார்த்தார். மாறுபட்ட கருத்தை விடாமல் பிடித்திருப்பவரை நோக்கித்தான் ஆரம்பத்தில் ஆகக்கூடிய பேச்சு வருகிறது. அவரை மாற்றலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை வரும். ‘இவர் மாறமாட்டார்’ என்று முடிவுகட்டியவர்கள் அவரிடம் பேசுவதை விட்டுவிடுகிறார்கள். ஆகவே உங்களோடு வாதாடுகிறார்கள் என்றால் இன்னும் உங்களைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கதைக்கும்போது ஆக்கள் போனைப் பார்க்கத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

இதிலிருந்து வரும் நடைமுறை: மற்றவருடைய நியாயம் உங்களை எந்த இடத்தில் நகர்த்தியது என்பதைக் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பொருளாளர் சொன்ன போக்குவரத்துச் செலவு நியாயம், அதை ஏற்கிறேன். என் மறுப்பு இரண்டாவது பகுதியில் மட்டும்.’ இந்த ஒரு வசனம் ‘மாறமாட்டார்’ என்ற முடிவைத் தள்ளிப்போடும்.

இன்னொன்று. எட்வின் ஹொலண்டர் 1958 இல் சொன்னது: குழுவின் வழமைகளை மதித்து, வேலையில் கைகொடுத்து ஒருவர் சேர்த்துவைக்கும் நம்பிக்கைதான் பிறகு அவர் விலகிக் கதைக்கும்போது செலவாகிறது. சேர்க்காமலே செலவழித்தால் மிஞ்சுவது பெயர் மட்டும். சிரமதானத்துக்கு வராதவர் பொதுக்கூட்டத்தில் கேட்கும் கேள்விக்கும், கதிரை அடுக்கிவைத்தவர் கேட்கும் அதே கேள்விக்கும் கிடைக்கும் வரவேற்பு வேறு. இது நியாயமா என்பது வேறு விஷயம். நடப்பது இதுதான்.

---

சீனக்குடா:

ரீச்சர், அப்படியென்றால் புதிதாகச் சேர்ந்தவர் ஆறு மாதம் வாய்மூடிக் கதிரை அடுக்க வேண்டுமா? அதற்குள் காசு போய்விட்டால்?

---

சமூகவியல் ரீச்சர்:

இல்லைத் தம்பி. காசும் ஆபத்தும் சம்பந்தப்பட்ட கேள்விக்குக் காத்திருக்கத் தேவையில்லை, முதல் நாளே கேட்கலாம். காத்திருக்க வேண்டியது ருசி சம்பந்தப்பட்டவற்றுக்கு: பந்தல் நிறம், யார் விருந்தினர், நோட்டீசில் யார் பெயர் முதலில். பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தங்கள் சேமிப்பை இந்தச் சின்ன விஷயங்களில் கரைத்துவிட்டு, கணக்கறிக்கை வரும் நாளில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

---

கூட்டறிக்கைப் புத்தகம்:

நான் பேச வருவது ஒரே ஒரு பொருளைப் பற்றி: செயலாளர் கையில் இருக்கும் அந்தத் தடித்த கோடிட்ட கொப்பி. வாயால் சொன்ன மறுப்பு கூட்டம் முடிந்து அரை மணித்தியாலத்தில் ‘அவர் சண்டை பிடித்தார்’ என்று ஆகிவிடும். எழுத்தில் ஏறிய மறுப்பு அப்படி ஆகாது. மறுப்பு எதைப் பற்றியது என்பது பக்கத்திலேயே நிற்கும்.

நம்மூர்ச் சங்கங்களில் வழமையாக எழுதப்படும் வசனம் இப்படி இருக்கும்:

‘ஐஸ் பெட்டிகள் கொள்வனவு செய்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

மறுத்தவர் இதில் இல்லை. பிறகு கணக்காய்வில் பிழை வந்தால் அவரும் சேர்ந்து எடுத்த தீர்மானம். அவர் அப்போது ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்றால் ‘குழப்பக்காரன் பொய்யும் சொல்கிறான்’ என்று இன்னொரு பெயர். எழுத வேண்டிய முறை இது:

‘ஐஸ் பெட்டிகள் கொள்வனவு செய்வதெனப் பெரும்பான்மையால் தீர்மானிக்கப்பட்டது. ஒரு கூறுவிலை மட்டுமே பெறப்பட்டதால் அங்கத்தவர் இன்னார் உடன்படவில்லை. மூன்று கூறுவிலைகள் பெறப்பட்டால் கொள்வனவுக்குத் தமக்கு ஆட்சேபனை இல்லை எனவும் தெரிவித்தார்.’

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். எது நடந்தால் ஒத்துக்கொள்வேன் என்ற பகுதி இல்லாத மறுப்பு வெறும் எதிர்ப்பாகத்தான் வாசிக்கப்படும். அந்தப் பகுதி இருந்தால், பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் இவர் ஐஸ் பெட்டிக்கு எதிரியல்ல என்பது விளங்கும்.

இதை எழுத வைப்பது எப்படி? கூட்டத்துக்கு வரும்போதே அந்த இரண்டு வசனத்தையும் அரைத்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாற்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். வாக்கெடுப்பு முடிந்தவுடன், குரலை உயர்த்தாமல், ‘தலைவர் அவர்களே, என் உடன்பாடின்மையைக் கூட்டறிக்கையில் பதியுமாறு கேட்கிறேன், வாசகம் இதோ’ என்று தாளைச் செயலாளரிடம் கொடுங்கள். செயலாளர்கள் கெட்டவர்கள் அல்ல. கூட்டத்தில் குறிப்பு எடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்து வீட்டில் இருந்து எழுதுகிறார்கள். நினைவில் நிற்பது உங்கள் குரலின் சூடுதான், வாசகம் நிற்காது. தாள் கையில் இருந்தால் அப்படியே பார்த்து எழுதுவார்கள்.

எழுதவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் ‘சென்ற கூட்டறிக்கை வாசித்தல்’ என்ற இடத்தில்தான் திருத்தம் கேட்க வேண்டும். அறிக்கை முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்கப்படுவதற்கு முன்பு கை உயர்த்துங்கள். ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் தனிப் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்வார்கள், அது சண்டையாகத்தான் தெரியும். பலர் தவறுவது இந்த இரண்டு நிமிட இடைவெளியை. தேநீர் குடித்துக்கொண்டு வெளியில் நிற்பார்கள்.

அங்கேயும் மறுத்தால், அதே வாசகத்தைக் கடிதமாக்கி, கூட்டம் நடந்த திகதி, நிகழ்ச்சி நிரல் இலக்கம் போட்டு, ஒரு கிழமைக்குள் பதிவுத் தபாலில் செயலாளருக்கு அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். கடிதத்தில் குற்றச்சாட்டு ஒன்றும் இருக்கக்கூடாது. ‘வேண்டுமென்றே மறைத்தீர்கள்’ என்று ஒரு வரி எழுதினால் கடிதம் முழுவதும் அந்த வரிக்காக மட்டுமே படிக்கப்படும்.

---

உப்புவெளி வடக்கு:

மேலே உள்ளதோடு சேர்த்து: உங்கள் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிக்கோவையை, வாங்கி வாசியுங்கள். நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய ஆகக்குறைந்த ஆள் தொகை) எத்தனை, விசேட பொதுக்கூட்டம் கூட்ட எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும், கணக்கறிக்கையை எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நியாயத்தை வைத்துக் கேட்பவரை ‘தனிப்போக்கு’ என்று தள்ளலாம். ‘யாப்பின் இன்ன பிரிவு’ என்று கேட்பவரைத் தள்ளுவது சிரமம்.

---

கிண்ணியாப் பாலம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பதில் சொல்வதா, விடுவதா என்பது யார் சொன்னார், எங்கே சொன்னார் என்பதைப் பொறுத்தது.

தேநீர்க் கடையில் சொன்னதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சொல்லப் போனால், கேள்விப்படாதவர்களுக்கும் நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். ஆனால் நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், நீங்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதினால் ஒருமுறை பதில் போடத்தான் வேண்டும். மௌனத்தை ஆக்கள் சம்மதமாக எடுப்பார்கள். பதில் இந்த அளவில் இருக்கட்டும்:

‘சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: மதில் வேலை தொடங்குமுன் நில அளவைப் படத்தைப் பார்ப்போம். மதில் வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் வந்தால் நானே வழிமொழிகிறேன். மிச்சத்தைக் கூட்டத்தில் கதைப்போம்.’

நான்கு வசனம். வைத்த பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘நான் குழப்பக்காரன் அல்ல’ என்று எழுதினால் படிப்பவர் மனதில் நிற்பது குழப்பக்காரன் என்ற சொல்தான். இரவில் எழுதினால் காலையில் அனுப்புங்கள். குரல் பதிவு கூடவே கூடாது. குரலில் உள்ள கோபத்தை வெட்டி எடுத்து இன்னொரு குழுவில் போடுவார்கள். பதில் போட்ட பிறகு வரும் இரண்டாவது மூன்றாவது சீண்டலுக்கு இறங்காதீர்கள். முதல் பதிவையும் உங்கள் பதிலையும் திகதி நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

நம்ம மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் கலந்து இருக்கிற இடம் இது. மேய்ச்சல் தரை, கரைவலைப் பாடு, வயல் எல்லை என்று ஒரு பிரச்சினை வந்தால், மற்றச் சமூகத்தின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு என்று சொல்பவருக்குத் தன் பக்கத்தில் ‘விலைபோனவர்’ என்ற பெயர். மற்றப் பக்கத்தில் ‘நம்ம ஆள்’ என்ற பெயர். இந்த இரண்டாவது பெயர்தான் கூடக் கேடு. அவர்கள் உங்களை மேடையில் ஏற்றி, ‘அவங்கட ஆளே சொல்லிட்டார்’ என்பார்கள். அதற்குப் பிறகு சொந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரு சொல்லும் கதைக்க முடியாது. செய்ய வேண்டியது: மற்றப் பக்கத்துக்குச் சாதகமான உண்மையை உங்கள் பக்கக் கூட்டத்தில் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துக்குச் சாதகமான உண்மையை அவர்களுடைய கூட்டத்தில் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் கைதட்டு கிடைக்கும், இரண்டு இடத்திலும் பயன் இருக்காது.

---

கன்னியா அக்கா:

இவ்வளவு நேரம் எல்லோரும் ஆண்களுக்கு விழும் பெயர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். அதே கேள்வியை ஒரு பெண் கேட்டால் ‘வாயாடி’, ‘அடக்கமில்லை’, அதற்கு மேல் போனால் ‘வீட்டில் சரியில்லை, அதுதான் வெளியில் கத்துறா’. பெயர் அவளுடைய கருத்தை விட்டுவிட்டுக் குடும்பத்துக்குப் போகிறது. புருஷனிடமோ தமையனிடமோ ‘கொஞ்சம் சொல்லி வையுங்கோ’ என்று ஆள் வருகிறது. ஆகவே கிண்ணியா நானா சொன்ன நான்கு வசனப் பதில் இங்கே போதாது.

பெண்கள் செய்யக்கூடியது: கூட்டத்துக்கு முன்பே வீட்டில் உள்ளவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். அனுமதி கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியாள் கொண்டுவரும் கதை முதற்கதையாக இருக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் நிலுவையைப் பற்றிக் கேட்பதானால், நிலுவைப் பட்டியலில் பெயர் உள்ள பெண்களிடம் முதல்நாள் தனியாகக் கதையுங்கள். கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் அந்தப் பெண்ணை அவமானப்படுத்தியவள் என்ற பெயர் நிற்கும், கேட்ட கேள்வி நிற்காது. ‘மூன்று தவணை பிந்திய கடன் எத்தனை, மொத்தம் எவ்வளவு’ என்று தொகையாகக் கேளுங்கள்.

எழுதத் தெரிந்த பெண் உடனே செயலாளராக்கப்படுகிறாள். அதை மறுக்காதீர்கள். கொப்பி கையில் இருப்பவர் எல்லோருடைய மறுப்பையும் ஒழுங்காகப் பதியலாம், தனக்குப் பிடிக்காதவருடையதையும் சேர்த்து. அப்படிப் பதிகிறவருக்கு ‘வாயாடி’ என்ற பெயர் நீண்ட நாள் ஒட்டாது.

---

சீனக்குடா:

தனியாக நிற்பது சரியா, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போவது சரியா? சேர்த்தால் ‘கும்பல் சேர்க்கிறான்’ என்கிறார்கள்.

---

சமூகவியல் ரீச்சர்:

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சொலமன் ஆஷ் 1951 இல் வெளியிட்ட கோட்டுச் சோதனை. ஒரு கோட்டின் நீளத்துக்கு மூன்று கோடுகளில் எது சமம் என்று சொல்ல வேண்டும், பதில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்தபடி பிழையான பதில் சொல்வார்கள். 18 சுற்றில் 12 சுற்று அப்படி. அந்த 12 சுற்றில் அந்த ஒருவர் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து பிழையாக இருந்தது. நான்கில் ஒருவர் ஒருமுறையும் வளையவில்லை.

இந்த இழைக்குத் தேவையானது அடுத்த பகுதி: சரியான பதில் சொல்லும் ஒரே ஒரு ஆளை அறையில் சேர்த்தவுடன் கூட்டத்தோடு சாய்ந்த பதில்கள் நூற்றுக்கு ஐந்து ஆறாக விழுந்தன. அந்தத் துணை ஆள் இடையில் கட்சி மாறினால் சாய்வு திரும்ப ஏறியது.

ஆகவே ஒருவர் போதும், ஆனால் நிலைத்து நிற்பவராக இருக்க வேண்டும். அவர் உங்கள் நண்பராகவோ உறவாகவோ இல்லாமல் இருந்தால் நல்லது. கூட்டத்துக்கு முன்னால் கேளுங்கள்: ‘இந்த விஷயத்தில் மட்டும் உங்களுக்கும் இதே எண்ணமா?’ ஆம் என்றால் உங்களுக்கு அடுத்தபடியாகவே அவர் பேசட்டும். நான்கு பேர் மறுத்துப் பேசி முடித்த பிறகு எழும்பும் ஆதரவு பாதி வலுவை இழந்துவிடும். அடுத்த விஷயத்தில் அவர் உங்களுக்கு எதிராக வாக்களித்தால் மனத்தாங்கல் வேண்டாம். அப்படி நடப்பதுதான் இது கும்பல் இல்லை என்பதற்குச் சாட்சி.

---

ஒதியமலைக் காற்று:

மூன்றாவது கேள்வியை எல்லோரும் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். என் பார்வையில் அதுதான் தலையாயது.

‘சுயமாகச் சிந்திக்கிறவர்’ என்பதும் ஒரு பெயர்தான். இனிப்பான பெயர் என்பதால் கழற்றுவது கடினம். அது விழுந்தவரிடம் இளைஞர்கள் வந்து ‘அண்ணா, நீங்கள் ஒருவர்தான் துணிந்து கதைக்கிறீர்கள்’ என்பார்கள். அதற்குப் பிறகு ஊரோடு ஒத்துப்போவதே கூச்சமாகிவிடும். தலைவர் நல்ல தீர்மானம் ஒன்று கொண்டுவந்தாலும் அதில் ஓட்டை தேடத் தோன்றும். கூட்டம் என்ன சொல்கிறதோ அதற்கு மறுபக்கம் என்று முடிவெடுப்பவர், கூட்டம் சொல்வதையே செய்பவரைப் போலவே கூட்டத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார். சிந்தனை அங்கே இல்லை.

திருகோணமலையில் பிறந்த பிரமிளை எடுங்கள். 1939 இல் பிறந்தவர், இளம் வயதிலேயே சென்னை ‘எழுத்து’ இதழில் கவிதையும் விமர்சனமும் எழுதி, பிறகு தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து 1997 இல் காலமானவர். நவீன தமிழ்க் கவிதையில் படிமம் பற்றிப் பேசினால் அவரைத் தவிர்க்க முடியாது. ஆனால் ‘சண்டைக்காரர்’ என்ற பெயர் அவருடைய கவிதைக்கு முன்னால் வந்து நிற்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இவ்வளவு பெரிய கவிஞருக்கே பெயர் முன்னாலும் வேலை பின்னாலும் போகும் என்றால், சங்கக் கூட்டத்தில் ஐஸ் பெட்டியைப் பற்றிக் கதைப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸும் இப்படித்தான். 1924 இல் தொடங்கியது, 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது, சாதிக்கு எதிராகச் சமபந்தி, சமஆசனம் (எல்லாச் சாதியும் ஒன்றாக உண்பது, ஒன்றாக இருப்பது) என்று வேலை செய்தது. 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததோடு ‘பகிஷ்கரிப்புக்காரர்’ என்ற ஒரே பெயர்தான் மிஞ்சியது. மற்ற வேலைகள் அந்தப் பெயரின் நிழலில் போயின.

தன்னைச் சோதிக்க ஒரு வழி: சங்கத்தின் கடைசிப் பத்துத் தீர்மானங்களைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் நிலைப்பாடு, அதற்குக் காரணம் ஒரு வரி. பத்துக்குப் பத்தும் எதிர் என்றால், சங்கம் முழுக்கக் கெட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது நீங்கள் பெயருக்கு வேலை செய்கிறீர்கள். பத்துக்குப் பத்தும் ஆதரவு என்றாலும் அதே கேள்விதான். காரணம் எழுதும் இடத்தில் ஆளின் பெயர் வந்தால் (‘அவர் கொண்டுவந்ததால்’) அந்த வரியை மறுபடி யோசியுங்கள்.

---

சமூகவியல் ரீச்சர்:

ஒதியமலை சொன்னதற்கு ஒரு மறுப்பு. விட்டுக்கொடுப்பதையும் அளவோடு செய்ய வேண்டும். செர்ஜ் மொஸ்கோவிசி 1969 இல் செய்த சோதனையில் ஆறு பேர் குழுவில் முன்கூட்டியே பேசிவைத்த இருவர், நீலப் படங்களைப் பச்சை என்று சொன்னார்கள். அவர்கள் மாறாமல் சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் நூற்றுக்கு எட்டு அளவு பச்சைக்கு மாறியது. சில நேரம் பச்சை, சில நேரம் நீலம் என்று சொன்னபோது நூற்றுக்கு ஒன்றளவுதான். சிறுபான்மைக் கருத்து எடுபட வேண்டுமானால் அந்த ஒரு விஷயத்தில் நிலை தளரக்கூடாது. விஷயத்துக்கு விஷயம் நிலைப்பாடு மாறலாம். ஒரே விஷயத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் மாறினால் பேச்சு போய்விடும்.

---

ஒதியமலைக் காற்று:

ஏற்கிறேன் ரீச்சர். நீங்கள் முதலில் சொன்ன ‘என் மறுப்பு இரண்டாவது பகுதியில் மட்டும்’ என்ற வசனத்தில் இரண்டும் அடங்கிவிடுகிறது.

---

பட்டினமும் சூழலும்:

பெயர் செல்லாத இடங்களும் இருக்கின்றன. நம்மவர்கள் அவற்றைப் பயன்படுத்துவது குறைவு.

ஒன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். பிரதேச செயலகம், பிரதேச சபை, மாகாணத் திணைக்களம் எல்லாம் இதற்குள் வரும். தகவல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், ஏற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நமது விஷயத்துக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் உங்கள் உள்நோக்கத்தை அந்த மேசையில் யாரும் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள், மேன்முறையீட்டைக் கேட்கவெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலான விண்ணப்பம் பிழைப்பது ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்பதால். சட்டம் தருவது இருக்கிற ஆவணத்தை. ‘இன்ன வீதி வேலைக்கான மதிப்பீடு, கொடுப்பனவு வவுச்சர், வேலை முடிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள்’ என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைக்கான பொதுமக்கள் கருத்து. அறிவித்தல் வந்ததிலிருந்து 30 நாள். சம்பூர் அனல் மின்நிலையம் பேசப்பட்ட காலத்தில் வேண்டாம் என்றவர் ‘அபிவிருத்தியின் எதிரி’, வேண்டும் என்றவர் ‘காணியை விற்றவர்’. நிலக்கரித் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. இரண்டு பெயருக்கும் நடுவில், சாம்பலை எங்கே கொட்டுவது, இயந்திரத்தைக் குளிரூட்டிவிட்டு வரும் சுடுநீர் கொட்டியாரக்குடாக் கடலில் எந்த இடத்தில் விழும் என்று கேட்பதற்குத்தான் இந்த 30 நாள் இருக்கிறது. பக்க இலக்கம் போட்டு, ஒரு பந்திக்கு ஒரு கேள்வியாக எழுதிய கருத்து, எழுதியவர் யார் என்பதைத் தாண்டி நிற்கும். தமிழிலேயே எழுதலாம், வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ்.

---

கொட்டியாரக்குடா:

நன்றி. ஒரு கனமான விஷயம் மிச்சம். ‘குழப்பக்காரன்’ வேறு, ‘துரோகி’ வேறு. இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம எல்லாத் தரப்பின் வன்முறையையும் எழுதினார், 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப் பெயர் வந்தால் என்ன செய்வது?

---

பட்டினமும் சூழலும்:

அந்தப் பெயர் வந்தால் மேலே சொன்ன பொறுமை எல்லாம் பொருந்தாது. மிரட்டல் தொனி இருந்தால் அன்றைக்கே பதிய வேண்டும்.

பதிவின் பிரதி, அனுப்பிய இலக்கம், திகதி, நேரம் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டுப் பிரதி அல்லது குறைந்தது முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவேண்டாம். வீட்டாரைத் தவிர இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரத்தையும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் தருகிறது, 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை. அரச அதிகாரி ஒருவர் இவற்றை மீறினால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது. திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. தனியார் ஒருவர் வைத்த பெயருக்கு இந்த வழி பொருந்தாது. மானநட்டம் இங்கே 2002 இலிருந்து குற்றவியல் குற்றமல்ல, சிவில் வழக்குத்தான். அதற்குச் செலவும் வருடங்களும் போகும், ஆகவே சட்டத்தரணியிடம் முதலில் ஒரு கோரிக்கைக் கடிதத்தோடு நிறுத்த முடியுமா என்று கேளுங்கள்.

---

கூட்டறிக்கைப் புத்தகம்:

சங்கத் தலைவராக இருப்பவர்களுக்கும் ஒன்று. உறுப்பினர் ஒருவரை இன்னொருவர் கூட்டத்தில் ‘துரோகி’ என்றால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தி, சொல்லைத் திரும்பப் பெறச் சொல்லி, பெற்றதைப் பதியுங்கள். ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டால் அது தலைவரும் ஒத்துக்கொண்ட பெயராகி ஊருக்குள் போகும்.

---

சீனக்குடா:

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் பக்கத்தில் கோயில் சபை ஒன்றில் கூட்டறிக்கை வாசிப்பதே இல்லை, கொப்பியைக் காட்டுவதும் இல்லை. அங்கே எந்த இடத்தில் பிடிப்பது?

---

உப்புவெளி வடக்கு:

கொப்பியில் தொடங்க வேண்டாம் தம்பி, அது சந்தேகமாகத் தெரியும். வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தலில் தொடங்குங்கள். நிகழ்ச்சி நிரலில் ‘சென்ற பொதுக்கூட்ட அறிக்கை வாசித்தல்’, ‘கணக்கறிக்கை சமர்ப்பித்தல்’ என்ற இரண்டு வரியைச் சேர்க்கும்படி, கூட்டத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக, உபயகாரர் (திருவிழாச் செலவை ஏற்பவர்கள்) மூன்று நான்கு பேர் கையொப்பத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். உபயம் செய்பவர்கள் கேட்டால் சபை மறுப்பது கடினம். முதல் வருடம் வாசித்தால் போதும், அதில் கேள்வி கேட்காதீர்கள். அடுத்த வருடம் வாசிக்காமல் விட்டால் கேட்கப்போவது நீங்களாக இருக்கத் தேவையில்லை.